ஓட்டோவில் போகும் ஸ்ரிக்கர் கட்டர்: பெட்டி கட்டிய பதிவு

ஸ்ரிக்கர் கட்டர் என்பது லப்டொப்பில் வரைந்த எழுத்தை ஸ்ரிக்கரில் பிளேட்டால் வெட்டும் மெசின். கடைக்கு வெளியே வேலை செய்ய அதை ஒரு பெட்டிக்குள் கட்டி ஓட்டோவில் கொண்டுபோகிறோம். யாழ்ப்பாணத்தில், குருநகர்க் கரையில் இழுத்து வைத்திருந்த ஒரு ஃபைபர் படகு. இரண்டு பக்கமும் பதிவிலக்கம், 125 மி.மீ. உயர எழுத்து. அளந்தது, வெட்டியது, எழுத்தைச் சுற்றிய கழிவை உரித்தது, ஒட்டியது எல்லாம் படகடியிலேயே நடந்தது. பற்றரியில் ஓடிய கட்டர் ஒரு தடவைகூட நடுவில் நிற்கவில்லை. மொத்தம் 1 மணி 10 நிமிடம். இந்த மெசின் போன நாலாவது வெளிவேலை இது. முதல் மூன்றும் ஒவ்வொரு காரணத்தால் பழுதாயின. காரணத்தையும் திருத்தத்தையும் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். இதே மாதிரிப் பெட்டி கட்ட நினைக்கிறவருக்கு ஸ்ரிக்கரும் காசும் மிஞ்சும்.

கடை மேசையில் ஒழுங்காக வெட்டுகிற மெசின் வெளியில் பிழைத்தால், உடனே மெசினைக் குற்றம் சொல்லக்கூடாது. ஆடாத மேசை, இழுபடாமல் ஓடும் ஸ்ரிக்கர், இறங்காத வோல்ற்று எல்லாம் கடையில் கேட்காமலே கிடைக்கின்றன. வெளியில் அவற்றை நாங்களே சுமந்துகொண்டு போகவேண்டும். தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இதற்கு மேலே இன்னொரு சோதனையும் இருக்கிறது. அது புள்ளி.

மெசின்

வெளிவேலைக்கும் 24 அங்குல மெசின்தான் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஸ்ரிக்கர் றோலின் அகலம் எழுத்தின் உயரத்தைத்தான் கட்டுப்படுத்தும், பலகையின் நீளத்தை அது ஒன்றும் செய்யாது. 14 அங்குல வகை மெசினில் 305 மி.மீ. அகலப் பட்டி போட்டு, ரோலர் பிடிக்க இரண்டு ஓரத்திலும் 15 மி.மீ. விட்டால், 275 மி.மீ. வெட்டக் கிடைக்கும். கடைக் கண்ணாடி, ஓட்டோவின் பின்பக்கம், படகு இலக்கம், லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சக்கர உழவு மெசின்) பெட்டி எதற்கும் அதற்கு மேல் உயரம் கேட்கவில்லை. நீளமான பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து வெட்டி, ஒட்டும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

பாவித்த மெசின் ஒன்று 62,000 ரூபாவுக்குக் கிடைத்தது. நிறை 8 கிலோ, ஒருவர் தனியாகத் தூக்கலாம். பழைய மெசின் எடுப்பதென்றால் மேல் ரோலர்களின் ரப்பரைத் தடவிப் பாருங்கள், தட்டையான இடம் இருந்தால் வேண்டாம். பிளேட் ஓடும் இடத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டி இருக்கும். அதில் ஆழமான கீறல் விழுந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டு அரைகுறையாக வரும். எங்களுடையதில் கீறல் இருந்தது. விலையில் குறைத்து வாங்கி, பட்டியைப் புதிதாக ஒட்டினோம். தலையைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இந்த மெசினைத் தெரிந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் அதன் அடாப்டரில் எழுதியிருந்தது: 24 வோல்ற்று, 3 அம்பியர். உள்ளே போவது நேர்மின்னோட்டம்தான் என்றால் பற்றரியிலிருந்து நேரே கொடுக்கலாம். இதை முதல் நாளே யோசித்திருந்தால் ஓர் இன்வேர்ட்டரின் காசு மிஞ்சியிருக்கும்.

முதல் வேலை: சீற்றும் இன்வேர்ட்டரும்

சுன்னாகத்தில் ஒரு கடைக் கண்ணாடி. ஓட்டோவின் பின் சீற்றில் ஒரு பலகையை வைத்து, அதற்கு மேலே மெசின். ஓட்டோவின் பற்றரியிலிருந்து 300 வாற்று சதுர அலை இன்வேர்ட்டர், 7,500 ரூபா. இரண்டும் பிழை.

சீற் பஞ்சு. தலை இடமிருந்து வலம் ஓடித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மெசின் முழுதும் எதிர்ப்பக்கம் அசைகிறது. நேர்கோடு நேராகத்தான் வந்தது. வளைவுகளில்தான் கரைச்சல் தெரிந்தது: ‘ஞ’, ‘ண’ போன்ற எழுத்துகளின் சுழியில் மெல்லிய அலை. ஒரு மீற்றர் தள்ளி நின்றாலே கண்ணில் படும்.

இன்வேர்ட்டர் செய்த கெடுதி வேறு. மூன்றாவது சொல்லின் நடுவில் யூஎஸ்பி தொடர்பு அறுந்து மெசின் நின்றது. திரும்ப அனுப்பினால் வேறொரு இடத்தில் நின்றது. லப்டொப் சார்ஜரும் அதே இன்வேர்ட்டரில் இருந்தது. சார்ஜரைக் கழற்றியதும் நிற்பது குறைந்தது, முற்றாகப் போகவில்லை. சதுர அலையின் இரைச்சல் இரண்டு அடாப்டர் வழியாகவும் வந்து யூஎஸ்பி வயரில் சந்திக்கிறது. நிலத்தொடுப்பும் இல்லை. தூய சைன் இன்வேர்ட்டர் இதைத் தீர்க்கும்தான், ஆனால் 12 வோல்ற்றை 230 ஆக்கித் திரும்பவும் 24 ஆக இறக்குவது வீண் சுற்று.

மின்சாரம்: இப்போது இருப்பது

12.8 வோல்ற்று, 20 அம்பியர் மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்று, 24,500 ரூபா. அதிலிருந்து 12 வோல்ற்றை 24 ஆக ஏற்றும் 150 வாற்று மாற்றிப் பலகை, 1,900 ரூபா. அதிலிருந்து மெசின். இவ்வளவுதான்.

மாற்றிப் பலகையில் ஒரு சிறிய திருகு இருக்கும். மெசினைத் தொடுக்க முன்னரே மல்ரிமீற்றரை வெளியீட்டில் வைத்து 24.0 வரும்வரை திருகி, நகப்பூச்சு ஒரு துளி விட்டுப் பூட்டிவிடவேண்டும். பெட்டி குலுங்கும்போது அந்தத் திருகு அசைந்தால் மெசினின் உள்பலகை போய்விடும். பிளக்கின் உள்முனை நேர், வெளி எதிர் என்பதையும் அடாப்டரிலுள்ள படத்தோடு ஒப்பிட்டு, மீற்றரால் ஒருக்கால் அளந்து உறுதிசெய்யுங்கள்.

இங்கும் ஒரு தடவை சறுக்கினோம். பற்றரியைத் தள்ளி வைப்பதற்காக 0.75 சதுர மி.மீ. வயரில் 3 மீற்றர் ஓடவிட்டோம். மெசின் மெதுவாக வெட்டும்போது ஒன்றுமில்லை. ஓர் எழுத்திலிருந்து அடுத்ததுக்குத் தலை பாய்ந்தபோது மெசின் அணைந்து, திரும்பப் பற்றி, தலை தொடக்க இடத்துக்குப் போய் நின்றது. பாதி வெட்டிய சொல் குப்பை. கணக்குப் பார்த்தால் காரணம் தெரியும். போகவர 6 மீற்றர், அந்த வயரில் மீற்றருக்கு ஏறத்தாழ 0.025 ஓம், 7 அம்பியர் இழுக்கும் கணத்தில் வயரிலேயே 1 வோல்ற்று விழுகிறது. உள்ளே வரும் வோல்ற்று விழுந்தால் மாற்றி இன்னும் கூட அம்பியரை இழுக்கும், அதனால் இன்னும் விழும். 2.5 சதுர மி.மீ. வயராக மாற்றி, நீளத்தை 1 மீற்றராகக் குறைத்ததும் இழப்பு 0.1 வோல்ற்றுக்கு வந்தது. மாற்றியின் வெளியீட்டில் 2200 மைக்ரோஃபரட், 35 வோல்ற்று கப்பாசிற்றர் ஒன்றும் சேர்த்தோம். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 அம்பியர் பியூஸ். இதை விட்டுவிடாதீர்கள், வயர் தேய்ந்து ஒன்றோடொன்று தொட்டால் லிதியம் பற்றரி கொடுக்கும் அம்பியருக்கு வயர் சிவக்கும்.

வெட்டும்போது மெசின் சராசரி 35 வாற்று எடுக்கிறது. பற்றரியில் 256 வாற்று மணி இருக்கிறது, அதில் 80 வீதம் எடுத்தாலும் 5 மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வெட்டலாம். ஒரு நாள் வேலையில் உண்மையில் வெட்டும் நேரம் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுவதில்லை. லப்டொப் தன் சொந்தப் பற்றரியில் ஓடுகிறது, வெட்டும்போது சார்ஜர் போடுவதில்லை. யூஎஸ்பி தானாக உறங்கும் அமைப்பை லப்டொப்பில் நிறுத்தி, வயரை 1.5 மீற்றருக்குள் வைத்ததிலிருந்து தொடர்பு அறுந்ததே இல்லை.

பெட்டியும் மூன்று காலும்

பெட்டி 12 மி.மீ. பிளைவூட், மூலைகளில் அலுமினிய அங்கிள். வெளியளவு 660 × 380 × 340 மி.மீ. அடிப்பலகை மட்டும் 18 மி.மீ. மெசின் அதில் பட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது, வெட்டுவதற்கு அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவேண்டியதில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் கீல் போட்ட கதவு.

அடிப்பலகைக்குக் கீழே கால் மூன்று, நாலில்லை. நாலு கால் வைத்தால் மேடுபள்ளமான நிலத்தில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். அப்போது பலகை முறுகும், பலகையோடு மெசினின் சட்டமும் முறுகும், ரோலர்களின் அழுத்தம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். மூன்று கால் எந்த நிலத்திலும் ஆடாது. முக்கால் அங்குல ஜீஐ பைப், மேலே பிளாஞ்ச், கீழே ரப்பர் மூடி, உயரம் 30 அங்குலம். திருகிக் கழற்றி ஓட்டோவின் சீற்றுக்குக் கீழே போட்டுவிடலாம். மணலில் ரப்பர் மூடி புதைகிறது. குருநகரில் மூன்று பலகைத் துண்டுகளைக் காலுக்கு அடியில் வைத்தோம்.

ஓடும்போது மேல் ரோலர்களைத் தூக்கியே வைத்திருக்கவேண்டும். அழுத்திய நிலையில் ஒரு நாள் வெயிலில் நின்றால் ரப்பர் தட்டையாகிவிடும். பிளேட் தாங்கியையும் கழற்றித் தனி டப்பாவில் வையுங்கள். குலுக்கத்தில் தாங்கியின் திருகு தளர்ந்து ஆழம் மாறியது எங்களுக்கு ஒரு தடவை நடந்தது.

இரண்டாவது வேலை: காற்றும் செம்மண்ணும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பலகை. நீளம் 1.8 மீற்றர். முதல் அரை மீற்றர் நேராகப் போனது, பிறகு ஸ்ரிக்கர் இடப்பக்கம் இழுபட்டு ரோலரை விட்டு வெளியே வந்தது. இரண்டு காரணம் சேர்ந்திருந்தன.

ஒன்று காற்று. மெசினுக்கு முன்னும் பின்னும் தொங்கும் ஸ்ரிக்கர் படகுப் பாய் மாதிரி வேலை செய்கிறது. ஒரு பக்கம் சற்றுத் தூக்கினாலே போதும், ஒவ்வொரு தடவை முன்பின் ஓடும்போதும் அரை மில்லிமீற்றர் சரிந்து சரிந்து சேர்கிறது. மற்றது தூசி. கீழ் ரோலர் அரத்தாள் மாதிரிச் சொரசொரப்பானது. வலிகாமத்துச் செம்மண் அந்தப் பற்களுக்குள் அடைந்தால் அது வழுவழுத்துவிடும்.

தூசிக்கு மருந்து உலர்ந்த பல்துலக்கும் பிரஷ், ஒவ்வொரு வேலைக்கும் முன்னர் ரோலரைச் சுற்றி ஒரு தடவை. தண்ணீர் தொடக்கூடாது. காற்றுக்கு 4 அங்குல பீவீசி பைப்பை நீளப்பாட்டில் இரண்டாகப் பிளந்து, முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாகத் தொட்டி போலக் கொழுவினோம். ஸ்ரிக்கர் வெளியே தொங்காமல் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும். காற்று வரும் பக்கம் ஒரு படங்கு. வெட்ட முன்னர், வேலைக்குத் தேவையான நீளத்தைப் பட்டன் அழுத்தி முழுதாக வெளியே ஓடவிட்டுத் திரும்ப எடுங்கள். ஓரம் 1 மி.மீ.க்கு மேல் விலகினால் கழற்றித் திரும்பப் போடுங்கள். இந்த ஒரு நிமிடம் ஒரு மீற்றர் ஸ்ரிக்கரைக் காப்பாற்றும்.

பட்டியின் ஓரம் நேராக இருக்கவேண்டும் என்பதும் இங்கேதான் விளங்கியது. 610 மி.மீ. றோலை மரவாளால் பாதியாக அறுத்திருந்தோம். ஓரம் உருகி ஒட்டியிருந்தது, அறுத்த தூள் உள்ளே போயிருந்தது. இப்போது வீட்டில் மேசையில் விரித்து, உருக்கு அடிமட்டம் வைத்து, கத்தியால் 305 மி.மீ. பட்டிகளாக, ஒவ்வொன்றும் 3 மீற்றருக்குள் கீறி, 2 அங்குல பைப்பில் ஸ்ரிக்கர்ப் பக்கம் வெளியே தெரியச் சுற்றி வைக்கிறோம். உட்பக்கமாகச் சுற்றினால் ஸ்ரிக்கர் கடதாசியை விட்டுக் கொப்பளித்துக் கிளம்பும்.

சுற்றிய பட்டிகள் மீன்கடையில் வாங்கிய ரெஜிபோம் பெட்டிக்குள், பொலித்தீன் உறையோடு இருக்கின்றன. நண்பகலில் மூடிய வாகனத்துக்குள் இருந்த ஸ்ரிக்கர் மெதுமெதுவென்று ஆகிப் பிளேட்டோடு இழுபடும். மாரியில் பிரச்சினை வேறு: ஐப்பசி, கார்த்திகையில் பின்கடதாசி ஈரத்தைக் குடித்து நெளிகிறது. உறைக்குள் சிலிக்கா பொட்டலம் நாலு போடவேண்டும்.

பிளேட்

70 – 80 மைக்ரோன் சாதாரண ஸ்ரிக்கருக்கு 45 பாகைப் பிளேட். வெளியே நீட்டும் அளவு ஸ்ரிக்கரின் தடிப்போடு பின்கடதாசியின் பாதித் தடிப்பு. கண்ணுக்கு ஒரு மயிரிழை மாதிரித்தான் தெரியும், 0.15 – 0.2 மி.மீ. தாங்கியைக் கையில் பிடித்துத் துண்டு ஸ்ரிக்கரில் ஒரு கோடு கீறிப் பாருங்கள். ஸ்ரிக்கர் முழுதும் அறுந்து, கடதாசியின் மேற்பரப்பில் மெல்லிய தடம் மட்டும் விழவேண்டும். ஆழத்தைப் பிளேட்டை நீட்டித் தீர்மானியுங்கள், விசையைக் கூட்டித் தீர்மானிக்காதீர்கள். எங்கள் மெசினில் புதுப் பிளேட்டுக்கு 90 கிராம், தேய்ந்ததும் 120 வரை. அதற்கு மேல் போனால் பிளேட்டை மாற்றும் நேரம்.

ஓஃப்செற் (பிளேட்டின் முனை தாங்கியின் நடுவிலிருந்து விலகியிருக்கும் அளவு) 0.25 மி.மீ. குறைவாக இருந்தால் மூலை மழுங்கும், கூடினால் மூலையில் சின்னக் கொம்பு முளைக்கும். ஓவர்கட் (தொடங்கிய இடத்தைத் தாண்டி வெட்டும் அளவு) 0.5 மி.மீ. வைத்தால் வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சந்திக்கும். அளவும் ஒருக்கால் பார்க்கவேண்டும்: 500 மி.மீ. கோடு எங்களுக்கு 498 ஆக வந்தது, மெசினின் அளவுத்திருத்தத்தில் 1.004 ஆல் பெருக்கி வைத்தோம்.

தமிழ் எழுத்தைத் தயார் செய்வது

இந்தப் பகுதிக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் போனது. வெட்டும் மெசினோடு வரும் மென்பொருள்கள் பல, யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோக்காது. ‘கெ’ அடித்தால் கொம்பு பின்னுக்குப் போய் நிற்கும். அதனால்தான் இங்கே இன்னும் பலர் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். பாமினியில் அடித்தாலும் யூனிகோட்டில் அடித்தாலும் அடுத்த பிரச்சினை ஒன்றுதான்: ‘கி’ என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, மெசினுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு உருவம். அப்படியே அனுப்பினால் விசிறியின் (‘ி’) கால், ‘க’வின் உடம்புக்குள் போகும் இடத்திலும் வெட்டும். உரிக்கும்போது எழுத்து அந்த இடத்தில் இரண்டாகும்.

எழுத்தைக் கோடாக மாற்றியபின் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கவேண்டும். வரையும் மென்பொருள்களில் இதற்குக் கட்டளை உண்டு: கோரலில் வெல்ட், இங்க்ஸ்கேப்பில் யூனியன். இணைத்தபின் நிறத்தை எடுத்துவிட்டு, வெறும் கோடாக ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டைக் கோடு வெட்டும் இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

நாங்கள் இங்க்ஸ்கேப்பில் செய்து, கோப்பை வெட்டும் மென்பொருளுக்குக் கொண்டுபோனோம். 300 மி.மீ. சொல் 320 ஆக வந்தது. இங்க்ஸ்கேப் 0.92 இலிருந்து ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல், அதற்கு முந்திய பதிப்புகளில் 90. எங்கள் வெட்டும் மென்பொருள் இன்னும் 90 என்றே எடுத்துக்கொள்கிறது. இப்போது ஒவ்வொரு கோப்பிலும் 100 மி.மீ. சதுரம் ஒன்றை ஓரத்தில் வைத்து அனுப்பி, அங்கே அளந்துவிட்டு அழிக்கிறோம்.

வெட்டும் ஒழுங்கு உள்ளிருந்து வெளியே. புள்ளியும் உட்குழியும் முதலில், எழுத்தின் வெளிக்கோடு பிறகு, சொல்லைச் சுற்றிய பெட்டிக்கோடு கடைசியில். பெட்டிக்கோடு இருந்தால் ஒவ்வொரு சொல்லையும் தனியாக உரிக்கலாம்.

மூன்றாவது வேலை: புள்ளி

ஒரு மருந்தகத்தின் கண்ணாடி. பெரிய எழுத்துப் பெயர் வடிவாக வந்தது. அதற்குக் கீழே நேரம், சேவை விபரம் எல்லாம் 40 மி.மீ. எழுத்தில் நாலு வரி. ஒட்டி முடித்துக் கருவிகளைக் கட்டும்போது முதலாளி கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, ‘ம்’ இல புள்ளியைக் காணேல்லை.” எண்ணிப் பார்த்தால் நாலு வரியில் ஐந்து புள்ளி இல்லை. சில உரிக்கும்போதே கழிவோடு போயிருந்தன, சில ட்ரான்ஸ்ஃபர் ரேப்போடு (எழுத்தைக் கடதாசியிலிருந்து எடுத்துக் கண்ணாடிக்கு மாற்றும் ரேப்) திரும்பி வந்திருந்தன. ஆங்கிலத்தில் ஒரு புள்ளி போனால் வாசிக்கலாம். தமிழில் புள்ளி போனால் அது வேறு எழுத்து.

புள்ளி ஏன் போகிறது? 40 மி.மீ. எழுத்தில் புள்ளியின் விட்டம் 4 மி.மீ. அளவுதான். அவ்வளவு சிறிய வட்டத்தில் பிளேட் வேகமாகத் திரும்பும்போது ஸ்ரிக்கரைத் தூக்கிவிடுகிறது. பிளேட் அதிகமாக நீட்டியிருந்தால் பின்கடதாசியின் வழுவழுப்புப் பூச்சும் அறுந்து, பசை கடதாசி நாரில் பிடித்துக்கொள்கிறது. வெயிலும் சேர்ந்தால், வெட்டி வைத்த கோட்டில் பசை திரும்ப இளகி ஒட்டிவிடுகிறது. அன்று வெட்டி முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் உரித்தோம்.

இப்போது செய்வது இது. புள்ளிகளை மட்டும் தெரிந்தெடுத்து 20 – 25 வீதம் பெரிதாக்கி, எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையில் 2 மி.மீ. இடைவெளி விடுகிறோம். 5 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்த புள்ளி வெளிப்பலகைக்குப் போகாது. சிறிய எழுத்துகளுக்கு வேகம் 60 மி.மீ. / செக்கன், பெரியவற்றுக்கு 150. வெட்டியவுடன், நிழலில், அங்கேயே உரிக்கிறோம்.

உரிக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். முதலில் கொக்கியால் உட்குழிகளை எடுக்கவேண்டும். பிறகு வெளிக்கழிவை ஒரு மூலையிலிருந்து சரிவாக, கடதாசியோடு படிய மடித்துப் பின்னோக்கி இழுங்கள், மேலே தூக்காதீர்கள். மடிப்பு புள்ளிக்குக் கிட்ட வரும்போது நிறுத்தி, இடுக்கியின் தட்டையான முதுகால் புள்ளியை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு கழிவை அதைத் தாண்டி உருட்டுங்கள். புள்ளியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பிறை தெரிந்தால் அது கிளம்பத் தொடங்குகிறது. உடனே கழிவைத் திரும்பப் படியவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். ரேப் போட முன்னர் புள்ளிகளை எண்ணவேண்டும். கோப்பில் எத்தனை புள்ளி என்பதைக் கடதாசியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறோம்.

ரேப்பை நடுவிலிருந்து வெளியே தேய்த்து ஒட்டி, முழுவதையும் கவிழ்த்து வைத்து, பின்கடதாசியை ரேப்பிலிருந்து உரிக்கவேண்டும். ரேப்பைக் கடதாசியிலிருந்து தூக்கினால் புள்ளிகள் கடதாசியிலேயே தங்கிவிடும்.

அதே கண்ணாடியில் இன்னொரு பழுது. கடைக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் கலந்து தெளித்து ஒட்டினோம். காய்ந்தபின் கண்ணாடியின் உட்பக்கமிருந்து பார்த்தால் எழுத்துக்குப் பின்னால் வெள்ளைத் திட்டுகள். சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வரும் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அது. இப்போது ஆர்.ஓ. தண்ணீர் 1 லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 4 துளி. கூட விட்டால் பசை கடிக்காது. தெளித்து ஒட்டினால் ரேப்பை எடுக்க முன்னர் 20 நிமிடம் பொறுக்கவேண்டும். பெரிய துண்டுக்கு மட்டும்தான் ஈர முறை. சின்ன எழுத்துகளுக்கு, துண்டின் நடுவில் மாஸ்கிங் ரேப்பால் கீல் போலப் பிடித்து, ஒரு பாதியின் கடதாசியை உரித்து வெட்டி, உலர்ந்தபடியே தேய்த்து ஒட்டிவிட்டு மறுபாதிக்குப் போகிறோம்.

படகு

எழுத்து 125 மி.மீ. என்று வைத்ததற்குக் காரணம் பட்டியின் அகலம்: 125 உம் 125 உம் இடையில் 10 உம் சேர்ந்து 260, பிடிக்கும் ஓரத்துக்கு இடமிருக்கிறது. இரண்டு பக்க இலக்கமும் ஒரே ஓட்டத்தில் வெட்டியது, 1.2 மீற்றர் பட்டி, 312 ரூபா ஸ்ரிக்கர்.

படகின் உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, துவாயால் துடைத்து, காயவிட்டு, பாமசியில் வாங்கும் ஸ்பிரிற்றால் ஒரே திசையில் துடைத்தோம். தின்னர் வேண்டாம், பெயின்ற்றைக் கரைக்கும். பழைய ஃபைபரில் விரலால் தேய்த்தால் மா மாதிரி வரும் இடம் இருக்கும். அதில் எதுவும் ஒட்டாது, 400 இலக்க அரத்தாளால் தண்ணீரோடு தேய்த்து அந்த மாவை எடுக்கவேண்டும். காலை 7 மணிக்குத் தொடங்கியதால் ஃபைபர் சுடவில்லை. 10 மணிக்குப் பிறகு வெயில் பட்ட தகரமோ ஃபைபரோ ஸ்ரிக்கரைத் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், திருத்த இடம் தராது. புதிதாக எனாமல் அடித்த தகரப் பலகையானால் ஒரு கிழமை பொறுங்கள், இல்லாவிட்டால் பெயின்ற்றிலிருந்து வரும் காற்று ஸ்ரிக்கருக்குள் கொப்பளமாகும்.

படகின் முன்முனையான அணியத்தில், இரண்டு திசையிலும் வளையும் இடத்தில், கடைசி இரண்டு இலக்கமும் சாதாரண ஸ்ரிக்கரில் ஓரம் கிளம்பப் பார்த்தன. இலக்கத்தை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி ஒட்டினோம். வளைவில்தான் ஒட்டவேண்டுமென்றால் வளைவில் படியக்கூடிய, காஸ்ற் என்ற 50 மைக்ரோன் மெல்லிய ஸ்ரிக்கர் வேண்டும், விலை பல மடங்கு.

செலவும் மாற்றங்களும்

மெசின் 62,000, பற்றரி 24,500, மாற்றிப் பலகை 1,900, வயர், பியூஸ், பிளக் 2,300. பெட்டி, கால், கீல், தொட்டி எல்லாம் 11,800. பிளேட் ஐந்து 2,250. ஸ்குவீஜி (தேய்த்து ஒட்டும் தகடு), கொக்கி, இடுக்கி, அடிமட்டம், கத்தி, தெளிப்பான் 3,600. ட்ரான்ஸ்ஃபர் ரேப் ஒரு றோல் 6,500. ஐந்து நிறத்தில் 15 மீற்றர் ஸ்ரிக்கர் 7,800. ஆக 122,650 ரூபா. இதற்கு வெளியே, பாவிக்காமல் கிடக்கும் இன்வேர்ட்டர் 7,500, பழுதாய்ப் போன 4 மீற்றர் ஸ்ரிக்கர் 2,080. லப்டொப் முதலே இருந்தது.

திரும்பக் கட்டினால் பெட்டியின் மேல்மூடியை 100 மி.மீ. நீளமாக்கி, திறந்து வைத்தால் உரிக்கும் மேசையாகும்படி செய்வேன். இப்போது உரிப்பது ஓட்டோவின் சீற்றில், குனிந்தபடி. மூடியின் உட்பக்கம் 12 வோல்ற்று வெளிச்சப் பட்டி ஒன்றும் வேண்டும், சாய்வாக வெளிச்சம் விழுந்தால்தான் வெட்டுக்கோடு தெரியும்.

பிளேட் தாங்கி இன்னொன்று வாங்கவேண்டும். லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்கும் ட்ரெயிலருக்கும் ஒளிதெறிக்கும் ஸ்ரிக்கர் கேட்கிறார்கள். அது தடிப்பு, 60 பாகைப் பிளேட் வேண்டும், பிளேட்டையும் கெதியாகத் தேய்க்கும். ஒரே தாங்கியில் மாற்றி மாற்றிப் போடும்போது ஒவ்வொரு தடவையும் ஆழத்தைத் திரும்ப வைக்கவேண்டியிருக்கிறது. இரண்டு தாங்கியையும் வீட்டிலேயே சரிபார்த்து, நிற ரேப் சுற்றி, டப்பாவில் போட்டுக்கொண்டு போனால் படகடியில் அந்தக் கால் மணித்தியாலம் மிஞ்சும்.